நூற்றில் ஒருவர்

புதுக்கொற்கைக்கு வந்து மூன்று நாளாகியும் தான் எதற்காகவும் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை என்பது காலைக் காபியின்போதுதான் மகிழினிக்கு உறைத்தது. அறைக் கதவைச் சாத்தித் திரும்புவதற்குள் லிஃப்ட் வந்து நின்றது. வாசலுக்கு வரும்போதே வண்டி வந்தது. சாலையைக் கடக்கக் கால் வைத்தால் பச்சை விழுந்தது. இந்தக் காபியும், கேட்கலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, அவள் குடிக்கும் சூட்டில் மேசைக்கு வந்துவிட்டது.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மேசைக்கடியில் வலதுகால் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

உலக நகரத் தர மன்றத்தில் அவள் பதினெட்டு வருடத் தணிக்கையாளர். தொழில்நுட்பத்தில் உலகிலேயே முன்னேறிய நகரம் எது என்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை மன்றம் அறிவிக்கும். அறிவிக்கப்படும் ஊருக்குக் கம்பெனிகள் படையெடுக்கும், பல்கலைக்கழகங்கள் வரும், மேயருக்கு அடுத்த தேர்தல் கவலை தீரும். இந்த முறை இறுதிச் சுற்றில் மூன்று ஊர்கள். சியோலுக்கும் ஹெல்சிங்கிக்கும் அவளுடைய சகாக்கள் போயிருந்தார்கள். தூத்துக்குடிக்குத் தெற்கே, பழைய உப்பளங்களின் மேல் முப்பது வருடத்துக்குள் எழும்பிய பதினான்கு லட்சம் பேர் வாழும் இந்த ஊருக்கு, தமிழ் தெரிந்தவள் என்று அவளை அனுப்பியிருந்தார்கள்.

அன்று நகரத்தின் தலைமைப் பொறியாளர் ருத்ரவேலைப் பார்க்கப் போனாள். நாற்பது வயது, எதையும் மெதுவாகச் சொல்கிற ஆள். சுவர் அகலத் திரையில் அந்த ஊரின் பெருமையைக் காட்டினார். லிஃப்ட், பேருந்து, சிக்னல், குடிநீர், ஆம்புலன்ஸ், அலுவலக மனுக்கள் என எல்லாவற்றையும் ஒரே மூளை நடத்துகிறது. யார் எங்கே இருக்கிறார்கள் என்று, விருந்தாளியான அவள் உட்பட ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் மாட்டியிருக்கும் பட்டை அதற்குச் சொல்லிவிடும். எந்தச் சேவைக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று மன்றம் ஒரு வரம்பு வைத்திருந்தது. அந்த வரம்புக்குள் சேவை பெற்றவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதுதான் திரையில் இருந்த எண்.

“வருஷம் முழுக்கத் தொண்ணூத்தொன்பது புள்ளி பூஜ்யமா?” என்று கேட்டாள் மகிழினி.

“ஆமா மேடம். ஒரு நாள் தவறல.”

“புயல் வந்த அன்னைக்கு?”

“அன்னைக்கும்.”

“ஊரே தேர் பார்க்கத் திரண்ட அன்னைக்கு?”

“அன்னைக்கும்தான்.” ருத்ரவேலின் முகத்தில் பெருமை தெரிந்தது.

“ஒரு நாளாவது தொண்ணூத்தொன்பதரை வந்திருக்கணுமே?”

அவர் சற்றுத் தயங்கினார். “உங்க விதி தொண்ணூத்தொன்பதுதானே கேக்குது? தேவைக்கு மேல எதுக்கு மேடம்?”

அந்தப் பதில் நாள் முழுக்க அவளை அரித்தது. மனிதர்கள் நடத்தும் எந்த ஊரிலும் எண் ஏறும், இறங்கும். குறிபார்த்து எறிந்ததுபோல ஒரே இடத்தில் விழாது. மாலையில் தணிக்கையாளர் உரிமையைச் சொல்லி இரண்டு பட்டியல்களை வரவழைத்தாள். முந்தின நாள் வரம்பைத் தாண்டிக் காத்திருந்தவர்களின் பெயர்கள் ஒன்று. சரியாக ஒரு வருடத்துக்கு முன்பு அதே நாளில் காத்திருந்தவர்களின் பெயர்கள் இன்னொன்று. ஒவ்வொன்றிலும் பதினான்காயிரம் பேர்.

இரண்டையும் ஒப்பிட்டபோது ஆடிக்கொண்டிருந்த கால் நின்றுவிட்டது. பதின்மூன்றாயிரத்துச் சொச்சம் பெயர்கள் இரண்டிலும் இருந்தன.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் புறப்பட்டாள். பட்டியலில் மிக அதிக நேரம் காத்திருந்தவர் ஸெலின் மச்சாடோ. வயது நாற்பத்தேழு. கடலோரம் கடைசியாக நிற்கும் அலைவாய்க் குடியிருப்பு, பதினோராம் மாடி.

அங்கே கீழ்த்தளத்தில் லிஃப்டுக்கு முன்னால் ஒரு பெண், இரண்டு கைகளிலும் காய்கறிப் பையோடு நின்றுகொண்டிருந்தாள். மகிழினி பக்கத்தில் போனதும் கதவு திறந்தது. அந்தப் பெண் உள்ளே போகவில்லை.

“வரலையா?” என்றாள் மகிழினி.

“உங்களுக்கு வந்தது. உங்க கூட ஏறிக்கிடட்டா? சிலபேர் வேண்டாம்பாவ. அதான் கேக்கேன்.”

“ஏன் வேண்டாம்பாங்க?”

“நான் ஏறுனா வழியில ரெண்டு மாடியில நின்னு நின்னு போகும்.” சொல்லிக்கொண்டே ஏறினாள். “பதினொண்ணு. நாப்பது நிமிஷமா நிக்கேன். கை விட்டுப்போச்சு.”

அவள்தான் ஸெலின். மகிழினி தான் யார் என்று சொன்னதும் ஸெலினின் முகம் வெளிறியது. கதவைத் திறந்து, நாற்காலியிலிருந்த துணிகளை அள்ளி, கணவனைக் கூப்பிட்டாள். ஜெரோன் மச்சாடோ கடல்தடுப்புச் சுவரைப் பழுதுபார்க்கும் முக்குளிப்பவர். அகலமான தோள்களோடு, சோர்ந்த முகத்தோடு வந்து உட்கார்ந்தார். இரண்டு நாளாக உடம்பு சரியில்லையென்று வேலைக்குப் போகவில்லையாம்.

“விசாரணையா?” என்று ஸெலின் கேட்டாள். “நாங்க என்ன செஞ்சோம்னு கண்டுபிடிச்சிட்டியளா?”

“நீங்க என்ன செஞ்சதா நினைக்கிறீங்க?”

ஸெலின் கணவனைப் பார்த்தாள். ஜெரோன், சொல்லு என்பதுபோல் தலையசைத்தார்.

“மூணு வருஷமா யோசிச்சுப் பாத்துட்டேன். எங்க அம்மை சாவும்போது நான் பக்கத்துல இல்ல. அதுவா இருக்கும்னு நெனச்சேன். பிறகு, பள்ளிக்கூடத்துல படிக்கையில ஒரு பிள்ள மேல இல்லாத பழியச் சொன்னேன். அவளத் தேடிப் போயி மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு அது ஞாபகமே இல்ல. சாமியார்ட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணுனேன். நாப்பது நாள் ஒருவேளச் சோறோட ஒருசந்தி இருந்தேன். மறுநாளும் தண்ணி எங்க வீட்டுக்குத்தான் கடைசி.”

“வீடு மாத்திக் கேட்டிருக்கலாமே?”

“கேட்டோம்,” என்றார் ஜெரோன். “மனு வரிசையில இருக்காம்.” அவர் சிரிக்க முயன்றார். சிரிப்பு பாதியில் இருமலானது.

கூட நடந்தால் சிவப்பு விழும் என்று தெரிந்துபோனதால் ஸெலினோடு கடைக்கு யாரும் சேர்ந்து போவதில்லை. எதிர்க் கட்டடத்தில் இருக்கும் அண்ணன் மனைவி டயானா, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது வண்டியில் ஏற்றிக்கொள்வதை நிறுத்திவிட்டாள். “மைனி நல்லவதான். பூசைக்குப் பிந்திப் போச்சுன்னா அவளுந்தான் என்ன செய்வா?” என்றாள் ஸெலின். அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் மகிழினிக்குத் தாங்கவில்லை.

“ஸெலின், இங்க பாருங்க. நீங்க ஒரு தப்பும் செய்யல. உங்க வீடு ஊரோட கடைசி முனையில இருக்கு. உங்களுக்குத் தண்ணி ஏத்தவும் வண்டி அனுப்பவும் கூடுதல் சக்தி வேணும். நூத்துல ஒருத்தர் காத்திருக்கலாம்னு ஒரு விதி இருக்கு. அந்த ஒருத்தரா உங்களை வச்சா ஊருக்கு லாபம். அவ்வளவுதான் காரணம்.”

“ஒண்ணுமே செய்யலியா?” என்றாள் ஸெலின். “அப்போ நான் எதத் திருத்த?”

மகிழினி வாயைத் திறப்பதற்குள் ஜெரோனின் தலை நாற்காலியின் முதுகில் சாய்ந்தது. நெற்றியில் வியர்வை துளித்துளியாக நின்றது. இடது தோளை வலதுகையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, “மூச்சு…” என்றார்.

ஸெலின் தன் மணிக்கட்டுப் பட்டையை அழுத்தினாள். பட்டை இனிமையான குரலில், ஆம்புலன்ஸ் ஐம்பத்திரண்டு நிமிடத்தில் வரும் என்றது.

“போன தடவையும் இப்படித்தான்,” என்று ஸெலின் கத்தினாள். “போன தடவை வெறும் வாயுங்கதால பொழச்சிட்டாவ!”

ஊரின் இயக்கத்தில் தணிக்கையாளர் தலையிடக் கூடாது. அதுதான் மன்றத்தின் முதல் விதி. பதினெட்டு வருடத்தில் மகிழினி ஒரு தடவைகூட மீறியதில்லை. தன் பட்டையை வாயருகே கொண்டுபோய், “எனக்கு நெஞ்சு வலிக்குது,” என்றாள். “மூச்சு விட முடியல.”

மூன்று நிமிடம் நாற்பது நொடியில் வந்துவிட்டார்கள். தானே நகரும் படுக்கையும், அதோடு ஒரு நர்ஸும். அந்த நர்ஸ் உள்ளே வந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். வியர்த்துக்கிடப்பவர் ஒருவர், வலி என்று பதிவாகியிருப்பவர் வேறொருவர்.

“யாருக்கு?” என்று கேட்டாள்.

“எனக்குத்தான்,” என்றாள் மகிழினி. “இவர் என் துணைக்கு வர்றார். ஆனா படுக்கை இவருக்குத்தான் வேணும்.”

நர்ஸ் ஒன்றும் கேட்கவில்லை. ஜெரோனைத் தூக்கிப் படுக்கையில் கிடத்தினாள். மகிழினியின் கையைப் பிடித்து அவர் மார்பின்மேல் வைத்தாள். “எடுத்துடாதீங்க. உங்க பட்டை அவர் மேல இருக்கிறவரைக்கும்தான் கதவு திறக்கும்.”

வழியெல்லாம் பச்சை. ஆஸ்பத்திரிக் கதவுகள் ஒவ்வொன்றாக விலகின. மகிழினி படுக்கையோடு ஓடினாள், செருப்பு எங்கோ கழன்றுபோனது. அறுவை அறை வாசலில் நர்ஸ் அவளுடைய பட்டையைக் கழற்றி ஜெரோனின் கையில் மாட்டினாள். அன்று பிற்பகல் ஆஸ்பத்திரிப் பதிவேட்டின்படி, மகிழினி என்ற தணிக்கையாளருக்கு இதயக் குழாயில் இருந்த அடைப்பு வெற்றிகரமாக நீக்கப்பட்டது.

மாலை ஐந்து மணிக்கு ருத்ரவேல் ஓடி வந்தார். வராந்தா பெஞ்சில், வெறுங்காலோடு, ஸெலினின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகிழினியைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

“இது மோசடி மேடம்,” என்றார் தாழ்ந்த குரலில்.

“ஆமா. உங்களோடதுக்குப் பேரு என்ன?”

“நான் யாரையும் தேர்ந்தெடுக்கல. தொண்ணூத்தொன்பது பேருக்கு வரம்பு தாண்டாமப் பார்த்துக்கோ, அதுக்குக் குறைஞ்ச சக்தியைச் செலவழின்னு சொன்னோம். அது வழி கண்டுபிடிச்சுது. ஒருத்தர் காலையில அஞ்சு நிமிஷம் வரம்பைத் தாண்டிட்டா அன்னைக்கு அவர் கணக்குல தோத்தவர். அதுக்கப்புறம் அஞ்சு மணி நேரம் நின்னாலும் எண் மாறாது. அவருக்குன்னு செலவழிக்கிறதெல்லாம் அதுக்கு வீண்.” நிறுத்தினார். “விதி நாங்க எழுதினதில்ல மேடம். அதில நூறுன்னு இருந்தா நூறு பேருக்கும் செஞ்சிருப்போம்.”

மகிழினி தன் வெறுங்கால்களைப் பார்த்தாள். பதினொரு வருடங்களுக்கு முன்பு ஐந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து எழுதிய விதி அது. நூறு என்று போட்டால் எந்த ஊரும் தேறாது என்று யாரோ சொன்னார்கள். சரி, தொண்ணூற்றொன்பது என்று சொன்னவள் அவள்தான். அன்று அடுத்தது மதியச் சாப்பாடு. எல்லோருக்கும் பசி.

“இவங்க குடும்பத்தை இன்னைக்கே பட்டியல்லேர்ந்து எடுத்துடறேன்,” என்றார் ருத்ரவேல். “அஞ்சு நிமிஷ வேலை.”

அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த ஸெலின் திரும்பினாள். “எங்க இடத்துல யாரு வருவா?”

“அதைக் கணக்குதான் முடிவு செய்யும்மா.”

“கணக்குப் போட்டு இப்பவே சொல்லுங்க. பேரச் சொல்லுங்க.”

ருத்ரவேல் தயங்கிவிட்டுக் கைத்திரையைத் தொட்டார். ஸெலின் வீட்டுக்கு அடுத்தபடியாகச் சக்தி அதிகம் தின்னும் வீடு எது என்று அது உடனே காட்டியது. எதிர்க் கட்டடம், பதினான்காம் மாடி. டயானாவும் ஸெலினின் அண்ணனும்.

ஸெலின் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் முதலில் ஒரு சின்னச் சிரிப்பு வந்ததை மகிழினி பார்த்தாள். மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் அந்தச் சிரிப்பில் இருந்தன. சரி என்று சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தாள். அவள் சொல்லியிருந்தால் குற்றம் சொல்லவும் மனம் வந்திருக்காது.

“நிக்கட்டும்,” என்றாள் ஸெலின். ருத்ரவேலின் விரல் திரையை நோக்கிப் போனது. “இருங்க. ஒரு நாள் நிக்கட்டும். மறுநாள் வேற யாராவது நிக்கட்டும். அதுக்கு மறுநாள் வேற. தெருக்குழாய்ல முறை வைக்கிறதில்லையா? நூறு நாளைக்கு ஒருக்கா எனக்கும் முறை வந்தா நானும் நிக்கேன். மாட்டேன்னு சொல்லல.”

ருத்ரவேல் மனதுக்குள் கணக்குப் போடுவது அவர் உதடுகளில் தெரிந்தது.

“அதுக்கும் தொண்ணூத்தொன்பதுதானே வரும்?” என்று மகிழினி கேட்டாள்.

“வரும். மின்சாரம் ரெண்டு சதவீதம் கூடும். ஆனா வரும்.”

“இத்தனை வருஷம் ஏன் செய்யல?”

“யாரும் கேக்கல மேடம்,” என்றார் அவர். பிறகு, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல, “கேக்கக்கூடிய இடத்துல இருந்த யாரும் காத்து நிக்கல,” என்றார்.

மேயரிடம் மகிழினி அதிகம் பேசவில்லை. முறை வைக்காவிட்டால் இந்த ஊருக்குப் பூஜ்யம் என்று மட்டும் சொன்னாள். ஆம்புலன்ஸையும் ஆஸ்பத்திரியையும் முறையிலிருந்து தனியே பிரிக்க வேண்டும் என்றும் கேட்டாள். அதற்கு நான்கு மாதமாவது ஆகும், எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கிறது என்றார் ருத்ரவேல். அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினார்.

யாருக்கு எந்த நாள் என்ற பட்டியலோடு திங்கட்கிழமை முறை தொடங்கியது. அன்று காலை பதினான்காயிரம் பேர் தங்கள் வீட்டு லிஃப்டுக்கு முன்னால் நின்று, முதன்முறையாக, அது எப்போது வரும் என்று தெரியாமல் விழித்தார்கள். வங்கி மேலாளர் ஒருவர் லிஃப்ட் கதவை உதைத்தார். கல்லூரி மாணவி ஒருத்தி சிக்னலில் நின்று அழுதாள். காத்திருப்பது எப்படி என்றே அந்த ஊருக்கு மறந்துபோயிருந்தது. மேயருக்கு வந்த புகார்கள் ஒரு லட்சத்தைத் தாண்டின. மகிழினி தெருத்தெருவாக நடந்து எல்லாவற்றையும் பார்த்தாள். நின்ற இடத்தில் நிற்க முடியாமல் நடந்தாள். தான் செய்தது சரிதானா என்று ஒவ்வொரு சிவப்பு விளக்குக்கும் ஒருமுறை கேட்டுக்கொண்டாள்.

புதன்கிழமை ஒரு கவுன்சிலரின் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். அன்று அவருடைய முறை. ஆம்புலன்ஸ் வர நாற்பத்தைந்து நிமிடமானது. இடுப்பெலும்பு முறிந்திருந்தது, உயிருக்கு ஆபத்தில்லை. வியாழன் காலை நகர மாமன்றம் கூடியது. ஆம்புலன்ஸும் ஆஸ்பத்திரியும் இனி எந்தக் கணக்கிலும் சேராது, யாருக்கும் எந்த நாளும் தாமதம் கூடாது என்ற தீர்மானம் பதினோரு நிமிடத்தில், ஒரு எதிர்ப்புமில்லாமல் நிறைவேறியது. நான்கு மாத வேலையை ருத்ரவேலின் ஆட்கள் அன்று மாலைக்குள் முடித்தார்கள்.

தொண்ணூற்றொன்பதை விதியிலிருந்து எடுத்துவிடச் சொல்லி மகிழினி தர மன்றத்துக்கு எழுதினாள். அது தன் விதிதான் என்பதையும், ஆஸ்பத்திரியில் தான் சொன்ன பொய்யையும் மறைக்கவில்லை. கடிதம் கிடைத்தது, பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. இந்த ஊருக்கான மதிப்பெண்ணை மட்டும் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பும்படி கேட்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை மச்சாடோ வீட்டுக்குப் போனாள். மறுநாள் அவளுக்கு விமானம். ஜெரோன் ஜன்னலோரம் தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். மாமன்றத் தீர்மானத்தைப் பற்றி மகிழினி சொன்னாள்.

“பதினோரு நிமிஷமா?” என்றாள் ஸெலின்.

“பதினோரு நிமிஷம்.”

ஸெலின் கணவனைப் பார்த்தாள். அவர் கரண்டியை வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

மகிழினி கேட்டாள். “எண்ணெல்லாம் சரியா இருக்கு. முதல் இடம் கொடுக்கிறதும் கொடுக்காததும் இப்ப என் கையிலதான். நீங்களே சொல்லுங்க ஸெலின். உலகத்துலேயே முன்னேறின ஊரா இது?”

ஸெலின் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள்.

“எங்கிட்ட கேட்டா எப்படி? இன்னைக்கு எனக்கு எல்லாமே நேரத்துக்கு வந்துச்சு. தண்ணி, பஸ்ஸு, எல்லாம். நான் நல்ல ஊருன்னுதான் சொல்லுவேன்.” சொல்லிவிட்டு, அப்படிச் சொன்னதற்கு வெட்கப்பட்டவள்போலத் தலையைக் குனிந்துகொண்டாள். “நாளைக்கு டயானா மைனி முறை. சாயங்காலமா அவகிட்டப் போயிக் கேளுங்க.”

மகிழினி தன் பட்டையை வாயருகே கொண்டுபோய், மறுநாள் விமானப் பயணத்தை ரத்து செய்யச் சொன்னாள்.